ஊசிப்புல் நிற்கும் கொல்லை காலி நிலமா?

ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் நான்கு ஏக்கர் கொல்லை வாங்கியிருப்பதாகவும், முன்பு வைத்திருந்தவர் ஏழெட்டு ஆண்டுகளாக அதில் ஏர் ஓட்டவில்லை என்றும், இப்போது இடுப்பளவு உயரத்துக்குப் புல் நிற்பதாகவும், கார்த்திகைக்குப் பிறகு அதன் கருநிற ஊசிகள் வேட்டியில் ஏறிக் காலைக் குத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் களையை மொத்தமாக அழித்துவிட்டு அடர்காடு வளர்த்தால் இயற்கைக்கு நல்லதா, இல்லையென்றால் மண் அரிக்காமல் இருக்க வெட்டிவேராவது நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது களையை ஒழிப்பது பற்றிய கேள்வி. நான் படித்துப் பார்த்தவரையில், மரம் இல்லாமல் புல் மட்டும் நிற்கும் நிலத்தைக் காலி நிலமாக எண்ணலாமா என்பதுதான் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கிறது. அதற்கு விடை கிடைத்தால், எதை வெட்டுவது, எதை நடுவது என்பது தானாகத் தெளியும்.

நான் தாவரவியல் படித்தவன். அதன்பின் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் மலைச்சரிவுகளிலும் ஏரி நீர்ப்பிடிப்புகளிலும் மண் பாதுகாப்பு வேலையாக முப்பது ஆண்டுகளுக்குமேல் நடந்தவன். கால்நடை மருத்துவம் என் துறை இல்லை. ஆடுமாடு பற்றி இங்கே சொல்வதை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்தையும் நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதிய வருணனையை வைத்து, அது ஹெட்டிரோபோகன் கண்டார்ட்டஸ் என்ற பல்லாண்டுப் புல் என்றே கருதுகிறேன். ஆனால் ஊசிப்புல் என்ற பெயரை ஊருக்கு ஊர் வெவ்வேறு புல்லுக்கு வழங்குவதால், அடுத்த பத்திக்குப் போகுமுன் நீங்களே ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

ஒரு கொத்தை விலக்கி அடியைப் பாருங்கள். ஊசிப்புல்லின் தண்டடி, மடித்த விசிறிபோலத் தட்டையாக இருக்கும். இலையின் நுனி ஈட்டிபோல் முடியாமல் சற்றே மழுங்கியிருக்கும். கதிர் முற்றும்போது மேற்பாதியில் உள்ள ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு விரல் நீளத்துக்குக் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு வால் நீண்டு, எல்லா வால்களும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, சடை பின்னியதுபோல் நுனியில் திரண்டு நிற்கும். கண்டார்ட்டஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு முறுக்கியது என்றே பொருள். 1753 இல் லின்னேயஸ் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். வால் அடியிலிருந்தே மூன்றாகப் பிரிந்து, வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தால் அது அரிஸ்டிடா இனத்தைச் சேர்ந்தது; அதற்கும் சில ஊர்களில் ஊசிப்புல் என்றே பெயர், ஆனால் அது சொல்லும் செய்தி வேறு; அதைப் பிறகு சொல்கிறேன். இலையைக் கசக்கினால் எலுமிச்சையோ இஞ்சியோ மணந்தால் அது வாசனைப்புல் வகை. பல்லாண்டுப் புல்லா ஓராண்டுப் புல்லா என்பதை அறியக் கோடையில் போய்ப் பார்ப்பதே சிறந்தது. மேலே முழுக்கக் காய்ந்திருந்தாலும் மண்ணோடு ஒட்டிய அடிக்கட்டையில் பச்சை ஈரம் இருந்தால், முதல் கோடைமழை பெய்த சில நாள்களில் அதே கொத்திலிருந்து புதுத் தளிர் எழும்பினால், அது பல்லாண்டுப் புல்.

உங்களைக் குத்தும் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை, ஏனென்றால் நம் சரிவுகளில் இதைவிடத் திறமையான விதை விதைக்கும் கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை. மணியின் கீழ்நுனி ஊசியாகவும், அதைச் சுற்றியுள்ள விறைத்த மயிர்கள் பின்னோக்கிச் சாய்ந்தும் இருக்கும். உள்ளே போனது வெளியே வராது. வாலின் கீழ்ப்பகுதி காய்ந்திருக்கும்போது கயிறுபோல் முறுக்கேறியிருக்கும். ஈரம் பட்டால் அந்த முறுக்கு அவிழும். பனியில் நனைந்து அவிழ்ந்து, பகல் வெயிலில் மறுபடி முறுக்கேறும்போது, வாலின் மேல்பகுதி பக்கத்துத் தாள்களில் தடுக்கிக்கொள்ள, மணி திருகாணிபோல் மண்ணுக்குள் இறங்குகிறது. மார்கழிப் பனியும் நம்மூர்ப் பகல் வெயிலும் மாறிமாறி வேலை செய்ய, ஏர் இல்லாமலே விதை பூமிக்குள் போய்விடும். முற்றிய ஒரு மணியை எடுத்து ஈரத்துணிமேல் வைத்துப் பாருங்கள், கண்ணெதிரே சுழலும். பள்ளிப்பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன், ஒருமுறைகூடச் சலித்ததில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் புல் நம் மண்ணின் சொந்தப் புல் என்பதில் ஐயமில்லை. ஹவாய்த் தீவில் இதை வைத்துக் கூரை வேய்ந்திருக்கிறார்கள்; ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பெரும் மேய்ச்சல் நிலங்கள் இதன் பெயராலேயே அறியப்படுகின்றன; ஆப்பிரிக்காவிலும் உண்டு. வெப்ப நாடுகள் எங்கும் பரவிய புல்லாக இருந்தாலும், தீபகற்ப இந்தியாவின் வறண்ட சரிவுகளில் இது இயல்பாக வாழ்வது. 1973 இல் டபட்காவ், சங்கரநாராயணன் என்ற இரு புல்லியல் அறிஞர்கள் இந்தியாவின் புற்பரப்பை ஐந்து பெரும் வகைகளாகப் பிரித்தபோது, தக்காணமும் தமிழ்நாட்டுச் சமவெளிகளும், இரண்டு புல்லினங்களின் பெயரால் செஹிமா–டைகாந்தியம் என்று அழைக்கப்படும் வகைக்குள் வந்தன. அந்த வகையின் முதன்மைப் புற்களில் ஊசிப்புல்லும் ஒன்று. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு ஆகியவற்றைப்போல இதுவும் சி4 என்ற ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டது. வெயிலும் வெப்பமும் மிகுந்த இடத்தில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட்டு வளர அம்முறை உதவுகிறது. அதற்கு விலையாக, நிழலைத் தாங்கும் சக்தி குறைகிறது. ஆகவே இந்த வகைப் புல் செழித்து நிற்கும் இடம் நெடுநாளாக வெளிச்சம் விழுந்த இடமாகவே இருக்க வேண்டும். இமயத்தின் அடிவாரமான சிவாலிக் படிவுகளில் உள்ள பழைய மண்ணின் கரிமத்தை ஆராய்ந்தவர்கள், இத்தகைய புற்கள் தெற்காசியாவில் ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பெருகிவிட்டன என்று காட்டியிருக்கிறார்கள். மனிதன் கோடரியோடு வருவதற்கு வெகுகாலம் முன்பு அது. ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலிய சூழலியலாளர்கள் 2016 இல் எழுதிய ஆய்வுரை, ஆசியாவின் மரம் சிதறிய புல்நிலங்களைச் சிதைந்த காடு என்று தவறாகப் படித்துவருகிறோம், அவை தமக்கெனத் தொன்மை உடையவை என்று வாதிட்டது. அந்த வாதத்தை நான் ஏற்கிறேன்.

ஆனால் அங்கிருந்து நேரே உங்கள் நான்கு ஏக்கருக்குத் தாவிவிடக் கூடாது. புல்வெளி என்ற வாழ்விடம் தொன்மையானது என்பது உறுதி. குறிப்பிட்ட ஒரு சரிவு எப்போதும் வெளியாகவே இருந்ததா, மரம் வெட்டப்பட்டபின் புல் ஏறியதா என்பது இடத்துக்கு இடம் மாறும். 1856 இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்தக் காலத்துச் சென்னை மாகாண எஞ்சின்கள் பெரும்பாலும் விறகைத்தான் தின்றன. ஆகவே நம் மலைகளில் இன்று மொட்டையாகத் தெரியும் பகுதியெல்லாம் ஆதியிலிருந்தே புல்வெளி என்று நான் சாதிக்க மாட்டேன். மேலும் உங்களுடையது ஒரு காலத்தில் மல்லாட்டையோ கேழ்வரகோ விளைந்த கொல்லை. அது பழைய புல்வெளி இல்லை, உழவு நின்றபின் தன்னைத் தானே ஆற்றிக்கொண்டுவரும் நிலம். இப்படிப்பட்ட நிலத்தில் முதல் ஓரிரு ஆண்டுகள் ஓராண்டுப் பூண்டுகளும் பார்த்தீனியமும் வரும். பிறகு அரிஸ்டிடா போன்ற மெலிந்த புற்கள். பல்லாண்டுப் புல் கொத்துக் கொத்தாய் வந்து நிலைக்க ஆண்டுகள் பிடிக்கும், அதுவும் அருகிலுள்ள சரிவில் தாய்க்கொத்துகள் இருந்தால்தான். அதனால்தான் மேலே அரிஸ்டிடா சொல்லும் செய்தி வேறு என்றேன்: அது மட்டுமே பரவிய நிலம் மிகையாக மேய்ந்து களைத்த நிலம், ஊசிப்புல் நிற்கும் நிலம் தேறி எழுந்துகொண்டிருக்கும் நிலம். செஹிமா போன்ற மேல்தரப் புற்கள் ஊசிப்புல்லோடு கலந்து தலைகாட்டினால் இன்னும் நல்லது. முந்தைய உரிமையாளர் சும்மா விட்டிருந்த காலத்தில் நடந்திருப்பது இதுதான்.

சும்மா கிடக்கும் நிலம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். வருவாய்ப் பதிவேட்டிலும் தரிசு என்று இருக்கலாம். அந்தச் சொல் தாவரவியலிலிருந்து வந்ததில்லை, வரிக்கணக்கிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தீர்வை கொடுக்காத நிலம் தரிசாக எழுதப்பட்டது. அந்தப் பழக்கத்தின் மிச்சமாக, நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்புகளில் புதர்நிலமும் மேய்ச்சல் நிலமும் இன்றும் வகை பிரித்து இடம்பெறுகின்றன. பனையையும் தென்னையையும் மூங்கிலையும்கூடப் புல்லென்று வகுத்த பழைய தமிழ் மரபுக்கு வாரிசுகளான நாம், புல் என்றால் அற்பம் என்று எப்போது நினைக்கத் தொடங்கினோமோ தெரியவில்லை.

புல் அங்கே என்ன செய்கிறது என்றால், முதல் வேலை மண்ணில். வேலூர்ப் பகுதிக்கு ஆண்டுக்குச் சுமார் 900 முதல் 1000 மில்லிமீட்டர் மழை, தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவத்திலும் கிடைக்கிறது. அது வரும் விதம்தான் சிக்கல்: இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். பாறைமேல் ஓரிரு அடிக்குச் செம்மண் போர்த்திய நம் மலையடிவாரங்களில், வெறும் மண்மேல் விழும் பெருந்துளி மண்ணின் பொருக்கை உடைத்து, நுண்துளைகளை அடைத்து, மேற்பரப்பைச் சீமெண்டுபோல் இறுக்கிவிடுகிறது. அதன்பின் பெய்வது முழுவதும் ஓடையாக ஓடும். கொத்துப்புல் இருக்கும் இடத்தில் துளி முதலில் தாளில் விழுந்து உடைகிறது. வழியும் நீர் ஒவ்வொரு கொத்தையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. கொத்தின் மேல்புறத்தில் வண்டலும் சருகும் தங்குகின்றன. செத்த வேர்கள் விட்ட துளைகளின் வழியே நீர் கீழே இறங்குகிறது. பழைய கொத்து ஒன்றைக் கூர்ந்து பார்த்தால், அது ஒரு சிறு மேட்டின்மேல் நிற்பதுபோல் தெரியும். அந்த மேட்டில் ஒரு பங்கு, கொத்து தானாகப் பிடித்துச் சேர்த்த மண். புல்லின் உடலில் பெரும்பங்கு மண்ணுக்குக் கீழே இருப்பதால், அது சேர்த்துவைக்கும் கரிமமும் பெரும்பாலும் கீழேயே, தீக்கும் வெட்டுக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது.

இதை மிகைப்படுத்திச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலையெங்கும் புல் இருந்திருந்தால் அந்த வெள்ளமே வந்திருக்காது என்று ஒருவர் கூட்டத்தில் பேசினார். அது சரியில்லை. மண் நிறைந்து நனைந்தபின் நாள்கணக்கில் பெய்யும் மழையைப் புல்லும் நிறுத்தாது, மரமும் நிறுத்தாது. 1903 இல் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளமும் இதே பாலாற்றில் வந்ததுதான். ஆண்டுதோறும் வரும் சாதாரணப் பெருமழையில் ஏரிக்குள் இறங்கும் வண்டலைக் குறைப்பதும், கிணற்றுக்குப் போகும் ஊற்றைச் சற்றே நீட்டிப்பதும் புல்லால் ஆகும். எவ்வளவு நீட்டிக்கும் என்பது மண்ணின் ஆழத்தையும் கீழுள்ள பாறையின் வெடிப்பையும் பொறுத்தது. அதை உங்கள் கிணற்றின் மட்டத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் குறித்துவைத்துத்தான் சொல்ல முடியும்.

அடர்காடு பற்றிச் சொல்லுமுன் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், வேலூருக்கு மேற்கே ஒரு சரிவில் இதே ஊசிப்புல் நின்றது. அதைச் செதுக்கி எடுத்து, வரிசையாகக் குழி வெட்டி, மரக்கன்று நட்டோம். அந்த வரைபடத்தில் என் கையெழுத்தும் உண்டு. மூன்று கோடை தாண்டியபோது கன்றுகளில் பெரும்பாலானவை இல்லை. குழி வெட்டிய மண் சரிந்து கீழ்வாய்க்காலை மேடாக்கியிருந்தது. புல் போன இடத்தில் வேலிகாத்தானும் உண்ணிச்செடியும் ஏறியிருந்தன. புல் திரும்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்த வழியாகப் போன ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், “அது சும்மாதான கெடந்தது சார், அத ஏன் நோண்டுனீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடர்காடு என்பது ஜப்பானியத் தாவரவியலாளர் மியாவாக்கி காட்டிய முறை. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள்வரை நெருக்கி நட்டு, மண்ணுக்கு எரு ஊட்டி, இரண்டு மூன்று ஆண்டு நீர் பாய்ச்சிக் காடாக்குவது. காடு இருந்து அழிந்த ஈரமான இடத்துக்கும், நகரத்தில் குப்பை கொட்டிக் கெட்ட மனைக்கும் அது பொருந்தலாம். நான்கு ஏக்கர் புல்நிலத்தில் அதைச் செய்வதென்றால், ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றைக் கலைத்துவிட்டு, ஆழ்துளைக் கிணற்று நீரைக் கோடையில் இறைத்து ஊற்றி, நிலத்துக்கு இயல்பில்லாத இருட்டை உண்டாக்குவதாகும். வீட்டை ஒட்டி, உழுது கலைந்துபோன மூலையில், அரை ஏக்கரில் ஆசைக்குச் செய்துகொள்ளுங்கள். குறை சொல்ல மாட்டேன். மீதியில் மரம் வேண்டுமென்றால், புல்லுக்கு வெளிச்சம் விடும் மரங்களை அள்ளித் தெளித்ததுபோல் அங்கங்கே வையுங்கள்: உசில், வெள்வேல், ஆச்சா, விளா, பறவை போட்டுத் தானாக முளைக்கும் வேம்பு. ஓரங்களில் ஆவாரை தானே வரும். முன்பு அதன் பட்டைதான் நம் தோல் பதனிடும் தொட்டிகளுக்கெல்லாம் உணவாக இருந்தது. சந்தனமும் வைக்கலாம். ஜவ்வாது மலைச் சந்தனம் புகழ் பெற்றது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மரம் பிற செடிகளின் வேரை உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி என்பதும், கன்றாக இருக்கும்போது புல்லின் வேரையும் பற்றிக்கொள்ளும் என்பதும் பலருக்குத் தெரியாது. புல்லைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டுச் சந்தனம் நட்டால், குழந்தையைப் பாலில்லாமல் விட்டதுபோலாகும்.

உயிர்களைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இயற்கைக்கு நல்லதா என்ற உங்கள் சொல்லுக்குள் அவையும் அடங்கும். வானம்பாடி, நெட்டைக்காலி, கௌதாரி, காடை, ஆள்காட்டி ஆகியவை தரையில் முட்டையிடுகின்றன. இவற்றில் எதற்கும் அடர்காடு வீடாகாது. சில்லைகள் புல் விதையைத் தின்று, புல் தாளால் கூடு கட்டுகின்றன. வெட்டுக்கிளி இருந்தால் ஓணான், ஓணான் இருந்தால் வல்லூறு என்று அந்தச் சங்கிலி போகும். நீங்கள் மாலையில் கொல்லை ஓரத்தில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், நான் எழுதுவதைவிட அதிகம் கண்டுகொள்வீர்கள்.

இந்த ஊசி தம் ஆட்டுக்குத் தொந்தரவு என்று பக்கத்துக் கொல்லைக்காரர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான குறை. முற்றிய ஊசி செம்மறியின் மயிரில் சிக்கி, தோலைத் துளைத்து, சதைக்குள்ளும் போகும். வாயிலும் கண்ணிலும் குத்தும். நாய்க்குக் காதிலும் விரலிடுக்கிலும் ஏறிச் சீழ் வைக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் மண்டிகளில் பழகியவர்களைக் கேட்டால், ஊசி துளைத்த ஆட்டுத்தோல் தரத்தில் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். அதற்காகப் புல்லை அழிக்க வேண்டியதில்லை. நாள் பார்த்து அறுத்தால் போதும். கதிர் வெளியே வருமுன், அதாவது ஆவணி புரட்டாசிக்குள், இளம்பச்சையாக இருக்கும்போது இது மாடு விரும்பித் தின்னும் புல். அரைச்சாண் தாள் விட்டு அறுத்துத் தீவனமாகக் கொடுக்கலாம், உலர்த்திப் போர் போடலாம். பூத்தபின் சத்து விரைவாக இறங்கிவிடும். நிலத்தை இரண்டாகப் பிரித்து ஓர் ஆண்டு ஒரு பாதியை அறுத்து, மறுபாதியை விதை விட விடுங்கள். அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளுங்கள். வழிநடையையும் பக்கத்து வேலியையும் ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு மட்டும் எல்லா ஆண்டும் கதிர் வருமுன் அறுத்துவிட்டால், உங்கள் வேட்டியும் அவர் ஆடும் தப்பும். கார்த்திகையிலிருந்து ஊசி முழுக்க உதிரும்வரை செம்மறியை உள்ளே விட வேண்டாம். உதிர்ந்தபின் மாடு மேயலாம். ஆனால் ஆண்டு முழுவதும் திறந்துவிட்டு, அடி தெரிய மேயவிட்டால், ஊசிப்புல் குறைந்து தரையோடு படரும் புற்கள் ஏறிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இப்படித்தான் நடந்தது. மிகை மேய்ச்சலால் ஊசிப்புல் போன இடத்தைப் பிடித்துக்கொண்ட புல், வேடிக்கையாக, இந்தியாவிலிருந்து போன பொத்ரியோக்ளோவா இனம்.

தீ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பங்குனி வந்ததும் யாராவது ஒருவர் ‘ஒரு குச்சி கிழித்துப் போட்டால் ஊசி எல்லாம் போய்விடும்’ என்று யோசனை சொல்வார். ஊசி போகும், புல் போகாது. அதன் மொட்டுகள் மண்மட்டத்தில் பத்திரமாக இருப்பதால், எரிந்த கொத்து முதல் மழையில் முன்னைவிடப் பச்சையாகத் துளிர்க்கும். உலகில் பல இடங்களில் அவ்வப்போது வரும் தீ ஊசிப்புல்லுக்குச் சாதகமாகவே இருந்திருக்கிறது. அதனால் தீ எப்போதும் கேடு என்று நான் சொல்லவில்லை. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எரிந்தால் நம் சரிவுக்கு நல்லது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் செய்து பார்க்கக்கூடிய சோதனை அது இல்லை என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. ஆண்டுதோறும் எரித்தால் இளமரங்கள் சாகும், தரையில் உள்ள கூடுகள் போகும், சித்திரை இடிமழை வெறும் சாம்பல் மண்மேல் விழும். மேலும் உங்கள் நிலம் மலையடிவாரம். பொறி காப்புக்காட்டுக்குள் போனால் 1882 ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி குற்றம். தை மாதக் கடைசியில் எல்லையைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லை அறுத்து, சருகை வாரி, தீத்தடுப்புக் கோடு போட்டுவிடுங்கள்.

கடைசியாக வெட்டிவேர். அதுவும் நம் நாட்டுப் பல்லாண்டுப் புல்தான். ஆற்றோரமும் நீர் தேங்கும் தாழ்வும் அதற்கு இயல்பான இடம். வேர் பக்கவாட்டில் பரவாமல் மூன்று மீட்டருக்குமேல் நேரே கீழே இறங்கக்கூடியது. நாம் நடும் தென்னிந்திய வகை பெரும்பாலும் விதை பிடிக்காது, ஆகவே களையாகப் பரவும் என்ற அச்சம் வேண்டாம். குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் தம் நிலங்களின் எல்லையாக அதை நெடுங்காலமாக வைத்திருந்தார்கள். 1980களில் உலக வங்கி அதை மண் அரிப்புக்கு மருந்தாக எங்கும் எடுத்துச் சென்றது. ஆனால் சரிவு முழுக்க ஊசிப்புல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெட்டிவேர் நடுவது, நடக்கத் தெரிந்தவனுக்குக் கைத்தடி கொடுப்பதுபோல. அதன் இடம் வேறு. உங்கள் நிலத்தில் மழைநீர் ஒன்றுகூடி வாய்க்கால் அறுத்துக்கொண்டு ஓடும் இடம் ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும். மழை பெய்யும்போது குடையோடு போய்ப் பாருங்கள். அந்த இடங்களில் மட்டும், சமமட்டக் கோட்டில், வாய்க்காலுக்குக் குறுக்கே, தூர் பிரித்த நாற்றுகளைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில், ஆடி மழை தொடங்கியதும் ஒற்றை வரிசையாக நட்டுவிடுங்கள். இரண்டாம் மழைக்காலத்துக்குள் வரிசை கூடி வேலியாகும். பின்னால் வண்டல் மேடிட்டதும் அதில் ஊசிப்புல் தானே வந்து உட்காரும். வேரைத் தோண்டி விற்கும் எண்ணம் இருந்தால் அந்த வரிசையில் மட்டும் கை வைக்காதீர்கள், தோண்டிய இடத்தில் வாய்க்கால் மறுபடி வாய் திறக்கும். விற்பனைக்குக் கிணற்றோரம் மணற்பாங்கான மண்ணில் தனியாக ஒரு பாத்தி போட்டுக்கொள்ளுங்கள்.